பட்டிமண்டபமும் வழக்காடு மன்றமும்

மணிமேகலை கூறும் பட்டிமண்டபம், அறிஞர் ஏறி வாதிட்ட களம். அக்கால வாதுகளில் தோற்றவர் தம் சமயத்தையே துறக்க நேர்ந்ததுண்டு. நாவற்கிளை நட்டு அறைகூவிய குண்டலகேசி, சாரிபுத்தரிடம் தோற்றுப் பௌத்தம் தழுவினாள் என்பது பௌத்த மரபு.

1939இல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகம் கண்டபின் அப்பெயர் இலக்கிய மேடைக்கு உரியதாயிற்று. குன்றக்குடி அடிகளார் அதனை மக்களிடையே பரப்பினார். அணிகள் தத்தம் பொருளை உயர்த்திப் பேச, நடுவர் தீர்ப்புரைப்பார். தோற்றவர்க்கு இழப்பு ஏதுமில்லை.

வழக்காடு மன்றமோ வேறு. ஒருவர் குற்றஞ்சாட்ட, ஒருவர் மறுக்க, வாலியை மறைந்து நின்று எய்த இராமனே கூண்டில் நிற்பான். பாடலைச் சான்றாகக் காட்டாமல் அங்கு வழக்கு நில்லாது. நகைச்சுவைத் துணுக்கு உதவாது. தகடூரில் நம் மன்றம் இனி நடத்த வேண்டியது இதுவே என்பேன். வாலி வழக்கிலிருந்தே தொடங்கலாம்.