செருகுநிரல் புதுப்பிப்பின் கால இடைவெளி

இணையதளத்தோடு இணைந்து அதற்குப் புதிய சக்தியை நல்கும் செருகுநிரல்களுக்கு எத்தனை நாளுக்கொருமுறை திருத்தம் வெளியிடுவது என்ற பிரச்சினைக்கு, எண்ணூர்க் காமராசர் துறைமுகத்துக்குக் கப்பல் செலுத்துவோரின் சம்பிரதாயம் தக்க உதாரணமாகும். டேராடூனிலுள்ள தேசிய நீர்வரைவியல் அலுவலகம் மாலுமிகளுக்கான அறிவிப்புகளை இரு வாரத்துக்கொருமுறை பிரசுரிக்கிறது. மிதவையொன்று இடம்பெயர்ந்திருப்பின், கப்பலதிகாரி காகித வரைபடத்தில் பழைய குறியை அடித்து, புதிய ஸ்தானத்தை ஊதா மையால் பதிந்து, கீழ் இடது மூலையில் ஆண்டையும் அறிவிப்பெண்ணையும் எழுதி வைப்பார். ஆயினும் அபாயச் செய்தி அத்தவணைக்குக் காத்திராமல் வானலையில் உடனே ஒலிபரப்பாகும். செருகுநிரலுக்கும் இவ்விரட்டை முறையே உசிதம் என்பது எமது துணிபு: புதிய வசதிகள் தவணைப்படி வரலாம்; பாதுகாப்புக் குறை தெரிந்தாலோ திருத்தம் அன்றே வர வேண்டும். அவ்வாறு வரும் திருத்தம் தளத்தை உடனே சேர வேண்டுமல்லவா? இணையதளம் அமைக்கும் மென்பொருளான வேர்டுபிரஸின், 2020 ஆகஸ்டில் வெளியான 5.5 பதிப்பு, செருகுநிரல்களைத் தானாகவே புதுப்பிக்க வழிசெய்தது.