தராசு யார் கையில்?

மேற்கு மலையடிவாரத்துச் சிற்றூர்களிலிருந்து இராஜபாளையத்துக்கு வரும் முதல் பேருந்தில் ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்; அதில் மனிதர்களைவிட மூட்டைகளே மிகுதி. கத்திரிக்காய்ச் சாக்கு ஒருபுறம், ஈரத்துணி போர்த்திய கீரைக்கூடை ஒருபுறம், வாழைத்தார் ஒன்று நடுவழியில். கண்டக்டர் அவற்றைத் தாண்டித் தாண்டிச் சீட்டுக் கொடுப்பார். அந்தக் கூடைகளுக்கு உரியவர்கள் பெரும்பாலும் நடுவயது கடந்த பெண்கள். அவர்களுக்குள் நடக்கும் பேச்சில் அடிக்கடி காதில் விழும் சொற்கள் இவை: "இன்னைக்கு என்ன வெல வைக்காகளோ?"

அந்தக் கேள்வியின் இலக்கணத்தைச் சற்றே கவனியுங்கள். 'நாம் என்ன விலை வைக்கலாம்' என்று அவர்கள் கேட்பதில்லை. விதைத்தவள் அவள், களை பறித்தவள் அவள், இரவில் மோட்டார் எப்போது ஓடும் என்று விழித்திருந்து நீர் பாய்ச்சியவளும் அவளே. ஆனால் விலை வைப்பவர் வேறொருவர். இந்த ஒற்றைச் சொல்லுக்குள் ஒரு நீண்ட வரலாறு அடங்கியிருக்கிறது.

தமிழர்க்குச் சந்தை புதிதன்று. மதுரை மாநகரில் பகலில் கூடிய நாளங்காடியையும் இரவில் கூடிய அல்லங்காடியையும் மதுரைக்காஞ்சி நமக்குக் காட்டுகிறது. ஆனால் அந்தப் புகழ்ச்சியோடு நாம் நின்றுவிடுகிறோம். இடைக்காலக் கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் புரட்டினால் 'அங்காடிப்பாட்டம்' என்றொரு வரி எதிர்ப்படும். கடை விரித்து அமர்வதற்கான கட்டணம் அது. பல்லவர் செப்பேடுகளின் வரிப்பட்டியலிலோ 'தரகு' என்ற சொல்லே காணப்படுகிறது. அதாவது, விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் இடையே ஒருவர் நின்றதும், அவ்விடத்தை நோக்கி அரசு கைநீட்டியதும் ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட பழமை உடையவை. தரகர் நேற்று முளைத்தவர் அல்லர்.

நம் பகுதிக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் விருதுபட்டி என்று வழங்கிய இன்றைய விருதுநகரிலும், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை போன்ற ஊர்களிலும் நாடார் வணிகர்கள் 'பேட்டை'களை அமைத்தார்கள். பேட்டை என்பது வெறும் சரக்கறை அன்று. மதில் சூழ்ந்த பாதுகாப்பிடம். பனைவெல்லமும் உப்பும் கருவாடும் ஏற்றிய வண்டிகள் கள்வர் பயமின்றி இரவு தங்க அது தேவைப்பட்டது. அங்கே சரக்கு மூட்டை ஒவ்வொன்றுக்கும் சிறு தொகை 'மகமை' என்று தனியே வைக்கப்பட்டது. அந்த மகமைக் காசும் வீடுதோறும் எடுத்துவைத்த பிடியரிசியும் சேர்ந்தே 1889-இல் விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலை எழுந்தது. பின்னாளில் காமராசர் பயின்ற பள்ளி அது. சாதியின் பெயரால் தெருவும் கோயிலும் மறுக்கப்பட்ட ஒரு சமூகம், தான் விற்பதற்குத் தனக்கென ஓர் இடம் கிடைத்தவுடன் எவ்வளவு தூரம் நடந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. விற்பவனுக்கு அச்சமின்றி உட்கார ஓர் இடம் வேண்டும் என்ற உண்மையை நம் மாவட்டம் நன்கு அறியும்.

ஆனால் பேட்டை வணிகருக்குக் கிடைத்த அந்த இடம் உழவருக்குக் கிடைக்கவில்லை.

உழவர் போய்ச் சேர்ந்த இடம் கமிஷன் மண்டி. மண்டிக்காரரைக் கொடியவராகச் சித்திரிப்பது எளிது. நாம் அதைச் செய்யப்போவதில்லை. விதைக்கும் உரத்துக்கும், மகளின் சடங்குக்கும், ஆடியில் வந்த காய்ச்சலுக்கும் கேட்டவுடன் பணம் எடுத்துக் கொடுத்தவர் அவர்தாம். வங்கி கேட்கும் பத்திரம் எதையும் அவர் கேட்டதில்லை. கேட்டது ஒன்றே: விளைந்தால் என் கடைக்கே வரவேண்டும். அந்த வாக்கில்தான் முடிச்சு இருந்தது. முன்பணம் வாங்கியவர் வேறு கடைப்படி ஏற முடியாது. ஏலம் போன தொகையில் கமிஷன், பெரும்பாலும் நூற்றுக்குப் பத்து, கழியும். பிறகு இறக்குகூலி, சாக்கு எடை, அழுகல் கழிவு. எஞ்சியது சீட்டில் எழுதப்பட்டு, அதிலும் முன்பணத்தின் ஒரு பகுதி வரவு வைக்கப்படும். தராசு மண்டியுடையது, எடைக்கல் மண்டியுடையது, கணக்குப் பிள்ளையும் மண்டியுடையவரே.

குறைந்த அளவையும் கள்ளத் தராசையும் கொண்டு ஏழையை ஏய்க்கும் தானிய வணிகரை இறைவாக்கினர் ஆமோசு கடிந்ததை நாம் அறிவோம். அங்கே ஏய்ப்பவன் விற்பவன். நம் மண்டியிலோ நிலைமை தலைகீழ், விற்பவனே ஏமாந்தான். இரண்டிலும் மாறாதது ஒன்று உண்டு: தராசு யார் கையில் இருந்ததோ அவன் வென்றான். லேவியர் நூல் நேர்மையான தராசையும் நேர்மையான எடைக்கற்களையும் வேண்டும்போது, அதை ஒரு சிறு வணிக ஒழுங்காக நாம் வாசித்துக் கடந்துவிடுகிறோம். ஓர் ஆண்டு உழைப்பைக் கல்லுக்கு எதிரே வைத்து நின்ற ஒருவர் அதை அப்படி வாசிக்கமாட்டார்.

அரசு இதை அறியாமல் இல்லை. 1926-இல் அமைக்கப்பட்ட வேளாண்மைக்கான அரச ஆணையம், 1928-இல் அளித்த அறிக்கையில், சந்தைகளில் நடைபெறும் பலவகைப் பிடித்தங்களையும் எடை முறைகேடுகளையும் சுட்டி, ஒழுங்குபடுத்திய சந்தைகள் வேண்டும் என்றது. அதன் வழியே சென்னை மாகாணத்தில் 1933-இல் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்தது. 1936-இல் திருப்பூரில் பருத்திக்காக முதல் ஒழுங்குமுறைச் சந்தை திறக்கப்பட்டது. 1959-இலும் 1987-இலும் சட்டங்கள் புதுப்பிக்கப்பட்டன. இடையே வீசையும் பலமும் படியும் விடைபெற்றன. நாற்பது பலம் ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்கு என்று வாய்ப்பாடு சொன்ன தலைமுறை, 1958 முதல் சில ஆண்டுகளுக்குள் கிலோவுக்கு மாறியது. படி ஊருக்கு ஊர் வேறுபட்ட காலம் அது. அளவு ஒன்றானதே உழவர்க்குக் கிடைத்த ஒரு பெரும் நீதி என்பது நம் கருத்து. எவரும் அதை விழாவாகக் கொண்டாடவில்லை.

எனினும் இந்தச் சட்டங்களின் நிழல் பருத்திக்கும் நிலக்கடலைக்கும் கிடைத்த அளவுக்குக் கத்திரிக்காய்க்கும் கீரைக்கும் கிடைக்கவில்லை. பருத்தியைச் சேமித்து வைத்து விலைக்காகக் காத்திருக்கலாம். காலையில் பறித்த கீரையை மாலை வரைகூட வைத்திருக்க இயலாது. அழுகும் பொருளை விற்பவருக்குப் பேரம் பேச நேரமில்லை. அவருக்கு எஞ்சியிருந்தது வாரச்சந்தை. அங்கும் ஏலம் எடுத்த குத்தகைதாரரின் ஆள் கூடைக்கு இவ்வளவு என்று வசூலிக்க வந்து நிற்பார். கூடையில் ஒன்றும் விற்றிராத நேரத்திலும் வருவார்.

விளைவித்தவரே நேராக விற்கட்டும் என்ற எண்ணம் பஞ்சாபில் 1987-இல் 'அப்னி மண்டி' என்று உருப்பெற்றது. ஆந்திரத்தில் 1999 சனவரி 26 அன்று 'ரைத்து பஜார்' பிறந்தது. அதே ஆண்டு நவம்பர் 14 அன்று, மதுரை அண்ணாநகரில் முதல்வர் மு. கருணாநிதி தமிழகத்தின் முதல் உழவர் சந்தையைத் திறந்துவைத்தார். ஓராண்டில் நூறாவது சந்தை பல்லாவரத்தில் திறக்கப்பட்டது. இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அந்த வரிசையில் இடம்பெற்றன.

அதன் ஏற்பாடு எளிமையானது. நிலம் உண்டு, இந்தப் பயிர் உண்டு என்று கிராம நிர்வாக அலுவலரும் வேளாண், தோட்டக்கலைத் துறையினரும் சரிபார்த்தபின் புகைப்படத்துடன் அடையாள அட்டை. கடைக்கு வாடகை இல்லை. நகரப் பேருந்தில் காய்கறிச் சுமைக்குக் கட்டணம் இல்லை. மொத்த விற்பனை விலையைவிட ஏறத்தாழ நூற்றுக்கு இருபது கூடுதலாகவும், சில்லறை விலையைவிடப் பதினைந்து குறைவாகவும் அன்றைய விலை கணக்கிடப்பட்டுப் பலகையில் எழுதப்படும். இவையெல்லாம் பலராலும் பேசப்பட்டவை. நம் மனத்தைத் தொட்டது வேறொன்று. சந்தைக்குள் நுழையும் உழவருக்குத் தராசும் எடைக்கற்களும் இலவசமாகக் கொடுக்கப்பட்டன. எத்தனையோ தலைமுறையாகத் தட்டின் இந்தப் பக்கம் மட்டுமே நின்ற கை, முதன்முறையாகத் தராசின் நடுக்கயிற்றைப் பிடித்தது.

பலகை விலை நியாயமானதா என்று கேட்போர் உண்டு. நல்ல கேள்விதான்; குருமடத்தில் நம்மை வாட்டிய கேள்வியும் அதுவே. புனித தோமா அக்குவினார் தம் இறையியல் தொகுப்பில் ஒரு வணிகனைக் காட்டுகிறார். தானியம் விலையேறிய ஊருக்கு அவன் கோதுமை கொண்டுவருகிறான். பின்னால் இன்னும் பலர் கோதுமையுடன் வருகிறார்கள் என்று அவனுக்குத் தெரியும். அதைச் சொன்னால் விலை சரியும். அவன் சொல்லக் கடமைப்பட்டவனா? நீதி அவனைக் கட்டாயப்படுத்தவில்லை, சொன்னால் அது மேலான அறம் என்பது அக்குவினாரின் விடை. எழுநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட அந்த வரிகளில் விற்பவனிடம் செய்தி இருக்கிறது, வாங்குபவனிடம் இல்லை. நம் கத்திரிக்காய்க்காரியிடம் எந்தச் செய்தியும் இருந்ததில்லை. மதுரையில் என்ன விலை, நேற்று எத்தனை லாரி வந்தது என்பது மண்டிக்கு மட்டுமே தெரியும். பலகையின் பயன் விலையைக் குறித்ததில் மட்டும் இல்லை. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரியும்படி குறித்ததில் இருக்கிறது.

இது நமக்கு மட்டுமே உரிய துன்பம் என்றும் எண்ண வேண்டாம். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1907-ஆம் ஆண்டில் வெங்காய விலை பத்து மடங்கு ஏறியது. விளைவித்தவர்க்கோ அதில் பங்கில்லை, இடையில் இருந்த கமிஷன் கடைகளே ஆதாயம் பெற்றன. மக்கள் கொதித்தார்கள். நகரமன்றம் ஒரு தெருவையே உழவர்க்கு ஒதுக்கியது. ஆகஸ்ட் 17 அன்று சுமார் பத்து வண்டிகளே வந்தன. நண்பகலுக்கு முன் எல்லாம் விற்றுத் தீர்ந்தன. பைக் பிளேஸ் என்ற அந்தச் சந்தை இன்றும் நடைபெறுகிறது.

நம் சந்தைகளுக்கு அத்தகைய நிம்மதி கிட்டவில்லை. 2001-இல் ஆட்சி மாறியது. சந்தைகள் பல கவனிப்பின்றிச் சோர்ந்தன. 2006-க்குப் பின் மீண்டும் உயிர்பெற்றன. இப்போது மாநிலத்தில் அவற்றின் எண்ணிக்கை நூற்றெண்பதைக் கடந்துவிட்டது. ஒரு கட்சியின் திட்டம் என்பதாலேயே கீரை விற்பவள் தண்டிக்கப்பட்டாள் என்பதைச் சொல்லாமல் போவது வரலாற்றுக்குச் செய்யும் நன்றி ஆகாது. உள்ளிருந்து வந்த நோயும் உண்டு. உழவர் என்று அட்டை பெற்ற வியாபாரிகள் சிலர் மண்டியில் வாங்கிய காயை உள்ளே விற்கிறார்கள் என்ற முறையீடு பல ஊர்களில் எழுந்தது. வாசலுக்கு வெளியே தள்ளுவண்டிகள் நின்று, உள்ளே வரவேண்டியவர்களைத் தடுத்தன. 2020-இல் தொற்றுநோய் ஊரடங்கின்போது பல ஊர்களில் இச்சந்தைகள் பேருந்து நிலையங்களுக்கும் மைதானங்களுக்கும் மாற்றப்பட்டன. அந்நாள்களில்தான் நகரத்தார் பலர் உழவர் சந்தையின் அருமையை உணர்ந்தனர்.

மற்றொரு குறையைச் சட்டத்தால் நீக்க இயலாது. பத்துக் கிலோ வெண்டைக்காய்க்காக ஒருவர் அரை நாள் அமர்ந்திருக்க வேண்டும். அந்த அரை நாளுக்கு எவரும் கூலி தருவதில்லை. வீட்டில் வேலைக்கு ஆள் இருந்தால்தான் ஒருவர் சந்தைக்கு வர முடியும். ஆகவேதான் வருவோர் பெரும்பாலும் முதியவரும் பெண்களுமாக இருக்கிறார்கள். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றானபின், அந்த முதல் பேருந்து அவர்களுக்கு இன்னும் சொந்தமாயிற்று.

கோடையில் இராஜபாளையத்துச் சந்தைக்குப் போனால் மூக்கே வழிகாட்டும். சப்பட்டையும் பஞ்சவர்ணமும் மலையடிவாரத் தோப்புகளிலிருந்து வந்து குவியும் காலம். மாம்பழத்தில் ஒரு தொல்லை: தோப்பைப் பூவிலேயே குத்தகைக்கு விட்டவருக்கு, காய் நிறைந்த மரத்தின்மேல் உரிமை இல்லை. தம் தோப்பின் பழத்தைத் தாமே விலை கொடுத்து வாங்கித் தின்ற ஒரு பெரியவரை நாம் அறிவோம். அவர் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். நம்மால் சிரிக்க முடியவில்லை.

நம்மைப் பற்றியும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், பங்கு இல்லச் சமையலுக்காக நாமே சந்தைக்குப் போயிருந்தோம். பலகையில் எழுதிய விலை கண்முன் இருந்தது. இருந்தும் முருங்கைக்காய்க்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லி நாம் வாதாடினோம். அந்த அம்மாள் நம் அங்கியைப் பார்த்தார். "சாமி கேக்கும்போது என்ன செய்ய" என்று சொல்லிக் குறைத்தார். அன்று மாலையே மருந்துக்கடையில் அட்டையில் அச்சிட்ட தொகையை ஒரு வார்த்தை பேசாமல் எண்ணிக் கொடுத்தோம். இரவு கணக்கு எழுதும்போதுதான் அந்த இரண்டு ரூபாய் உறுத்தியது. அடுத்த வாரம் தேடிப் போனோம். அவர் வரவில்லை. அருகிலிருந்தவரைக் கேட்டோம், "காய் முடிஞ்சிருச்சு சாமி, இனி அடுத்த காய்ப்புக்குத்தான் வரும்" என்றார்.

அன்று நாம் போனபோது சந்தை கலையும் நேரம். விற்றவர்கள் வெறுங்கூடைகளைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தார்கள். விற்காதவர்கள் எஞ்சியதைக் கூறு கட்டி, பலகை விலையில் பாதிக்குக் கூவிக்கொண்டிருந்தார்கள். அலுவலக வாசலில் ஒரு சிறு வரிசை. ஒவ்வொருவராகத் தராசையும் எடைக்கற்களையும் எண்ணி ஒப்படைத்துவிட்டு, நண்பகல் பேருந்தைப் பிடிக்க விரைந்து நடந்தார்கள்.