சாடிச் செடியில் பூச்சி: மருந்துப் போத்தலைத் தேடுமுன் செய்யவேண்டியவை

மன்னார் மாவட்டத்தின் தென்கோடியில், வில்பத்துக் காட்டின் ஓரமாக இருக்கிறது மறிச்சுக்கட்டி. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள், புத்தளத்தில் நீண்டகாலம் இடம்பெயர்ந்து வாழ்ந்துவிட்டு, போர் முடிந்த பிறகு திரும்பிவந்த ஊர்களில் இதுவும் ஒன்று. காணிப் பிரச்சினை பற்றி எழுத அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் விறாந்தையிலும் யன்னலோரத்திலும் சாடிச் செடிகளைக் கண்டிருக்கிறேன். காணி உறுதியாகாதவரை மரம் வைக்கத் தயங்குபவர்கள்கூட சாடியில் ஒரு செடி வைக்கத் தயங்குவதில்லை. இடம்பெயர்ந்து வாழ்ந்த எவருக்கும் காரணம் விளங்கும். சாடியைத் தூக்கிக்கொண்டு போகலாம்.

அந்தச் செடியில் பூச்சி பிடித்ததும் பலருடைய கை போவது வயலுக்கு அடித்து மிஞ்சிய மருந்துப் போத்தலுக்கு. வீட்டுக்குள் அது தேவையே இல்லை. சாடிச் செடியில் வரும் பூச்சிகளில் அநேகமானவற்றைக் கையாலும் தண்ணீராலும் சவர்க்காரத்தாலும் அடக்கிவிடலாம்.

முதலில் எது என்று பாருங்கள்

இலையின் அடிப்பக்கத்தையும் காம்பு பிரியும் இடத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள்.

வெண்மூட்டுப்பூச்சி: பஞ்சு ஒட்டினாற்போல வெள்ளையாக, கணுக்களில் கூட்டமாக இருக்கும். செவ்வரத்தை, குரோட்டன் போன்றவற்றில் அதிகம்.

அழுக்கணவன்: இளந்தளிரில் மொய்க்கும் பச்சை அல்லது கறுப்புப் பூச்சி. தளிர் சுருளும்.

செதில் பூச்சி: தண்டில் ஒட்டிய சிறு மண்ணிறப் புள்ளி போல அசையாமல் இருக்கும். நகத்தால் சுரண்டினால் கழன்றுவரும்.

சிலந்திப்பேன்: எட்டுக் கால் உள்ளதால் இது பூச்சி இனமல்ல. இலையில் வெளிறிய புள்ளிகளும் மெல்லிய வலையும் தெரியும். சோளகக் காற்றோடு புழுதியும் வெக்கையும் சேரும் மாதங்களில் வேகமாகப் பெருகும்.

மண்ணிலிருந்து எழும்பும் சிறு கறுப்பு ஈக்கள்: சாடி மண் எப்போதும் ஈரமாக இருப்பதன் அடையாளம். மேல்மண் ஓர் அங்குலம் காயும்வரை தண்ணீர் விடாதீர்கள். மஞ்சள் அட்டையில் ஆமணக்கெண்ணெய் பூசி அருகில் வைத்தால் பறப்பவை ஒட்டிக்கொள்ளும்.

செடியில் எறும்பு ஏறினால் அதையும் கவனியுங்கள். வெண்மூட்டுப்பூச்சி, அழுக்கணவன், செதில் பூச்சி மூன்றும் இனிப்பு நீரைக் கழிக்கும். அதற்காக எறும்பு அவற்றை எதிரிகளிடமிருந்து காக்கும். சாடியைத் தண்ணீர்த் தட்டின் நடுவே ஒரு கல்லின் மேல் வைத்தால் எறும்பு ஏறாது. ஆனால் அந்தத் தண்ணீரில் டெங்கு நுளம்பு பெருகாதபடி சில துளி சவர்க்காரம் விடுங்கள், அடிக்கடி மாற்றுங்கள்.

செய்யவேண்டிய ஒழுங்கு

ஒன்று: சாடியை மற்றச் செடிகளிலிருந்து பிரித்து வையுங்கள். புதிதாக வாங்கிய அல்லது இரவலாகப் பெற்ற செடியையும் இரண்டு கிழமை தனியே வைத்துப் பார்ப்பது நல்லது.

இரண்டு: மோசமான இலைகளை வெட்டி, பொலித்தீன் பையில் கட்டி அகற்றுங்கள். இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீரால் நன்றாகக் கழுவுங்கள். செதில் பூச்சியைப் பழைய பல்துலக்கும் தூரிகையால் தேய்த்து எடுக்கலாம். வெண்மூட்டுப்பூச்சியை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். ஸ்பிரிட் தீப்பற்றும், அடுப்புக்கும் விளக்குக்கும் அருகே வேண்டாம்.

மூன்று: ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி மென்மையான திரவச் சவர்க்காரம் கலந்து, பூச்சி நனையும்படி மாலையில் தெளியுங்கள். சலவைத் தூள் வேண்டாம், இலை கருகும். கரையோரக் கிணறுகள் சிலவற்றின் சவர் அல்லது கடினத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காமல் திரிந்துவிடும். அப்படியானால் மழைநீரைப் பாவியுங்கள். முதலில் ஓர் இலையில் தெளித்து ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள்.

நான்கு: சவர்க்காரம் முட்டையைக் கொல்லாது. ஆகவே ஐந்து முதல் ஏழு நாள் இடைவெளியில் மூன்று தரமாவது தெளிக்கவேண்டும். ஒரு தரத்தோடு விடுவதால்தான் பூச்சி திரும்பவும் வருகிறது.

ஐந்து: அடங்காவிட்டால் வேம்பு. 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, வடித்து, சிறிது சவர்க்காரம் சேர்த்து அன்றே தெளியுங்கள். மணம் கடுமையானது, சாடியை முற்றத்துக்குக் கொண்டுபோய்ச் செய்யுங்கள்.

ஏன் நஞ்சு வேண்டாம்

நாங்கள் மருந்து என்று சொல்வது நஞ்சு. வயலில் காற்றோடு கலையும் அது, இரண்டு அறை வீட்டுக்குள் பாயிலும் துணியிலும் படியும். மிச்சத்தைச் சோடாப் போத்தலில் ஊற்றிவைத்தால் பிள்ளை குடிபானம் என்று நினைக்கும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் ஓர் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 ஆக இருந்தது. உலகின் மிக உயர்ந்த வீதங்களில் அது ஒன்று. அந்த ஆண்டு மெத்தமிடோபொஸ், மொனோகுரோட்டோபொஸ் ஆகிய பீடைநாசினிகளும் 1998இல் எண்டோசல்பானும் தடைசெய்யப்பட்டன. அடுத்த பத்தாண்டுக்குள் வீதம் ஏறத்தாழப் பாதியானது. நஞ்சு எட்டாத தூரத்தில் இருந்தால் உயிர் தப்புகிறது என்பதே அதன் பாடம். இழப்பையும் துயரத்தையும் சுமக்கும் எங்கள் வீடுகளில் ஒரு குரோட்டனுக்காக அந்தப் போத்தலை உள்ளே கொண்டுவரத் தேவையில்லை. மனம் தாங்காத நேரத்தில் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்துப் பேசலாம். நஞ்சு உடலுக்குள் போய்விட்டால் 1990 அம்புலன்ஸை உடனே அழையுங்கள்.

நஞ்சு நல்ல பூச்சியையும் கொல்லும். 2008இல் இலங்கைக்குள் பப்பாசி வெண்மூட்டுப்பூச்சி புகுந்து, பப்பாசியோடு பல அலங்காரச் செடிகளையும் தாக்கியது. 2009இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட மிகச்சிறிய ஒட்டுண்ணிக் குளவிகள்தான் அதை அடக்கின. உங்கள் சாடியில் புள்ளிவண்டு வந்து இருந்தால் விரட்டாதீர்கள், அது அழுக்கணவனைத் தின்ன வந்திருக்கிறது.

இவ்வளவும் செய்தும் பூச்சி அடங்காவிட்டால், பாதிக்கப்பட்ட இலையொன்றைப் பொலித்தீனில் சுற்றிக் கமநல சேவை நிலையத்துக்குக் கொண்டுபோய் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். செடி தேறாது என்று தெரிந்தால், பூச்சியில்லாத ஒரு நுனியை வெட்டிக் கழுவி, புது மண்ணில், கழுவிய சாடியில் நடுங்கள். பழைய மண்ணைத் திரும்பப் பாவிக்காதீர்கள்.