வெள்ளம் மறந்த டெல்டா: பென்னெட் அணைக்குப் பின் பீஸ்–அதபாஸ்கா

முன்னுரை

அணையால் கீழ்ப்பகுதிக்கு நேரும் இழப்பை, குறைந்த நீரின் அளவைக் கொண்டு கணக்கிடுவதே வழக்கம். ஆனால் நீர்மின் அணை நீரைச் செலவழிப்பதில்லை. தேக்கி, வேறொரு காலத்தில் திறந்துவிடுகிறது. ஆண்டு மொத்த வரத்து பெரிதாகக் குறையாமலே ஏரிகளும் சதுப்புகளும் வறளக்கூடும் என்பதற்குக் கனடாவின் பீஸ்–அதபாஸ்கா டெல்டா சான்றாகிறது.

வெள்ளம் வந்த வழி

ஆல்பர்ட்டா மாகாணத்தின் வடபகுதியில், அதபாஸ்கா ஏரியின் மேற்குக் கரையில் அமைந்த இந்த டெல்டா, உலகின் மிகப் பெரிய உள்நாட்டு நன்னீர் டெல்டாக்களுள் ஒன்று. இதன் பெரும்பகுதி 1922இல் நிறுவப்பட்ட வுட் பஃபலோ தேசியப் பூங்காவுக்குள் அடங்கும். ஏரியின் உபரிநீர் கால்வாய்கள் வழியே வடக்கு நோக்கி ஓடிப் பீஸ் ஆற்றில் கலப்பது வழக்கம். கோடைத் தொடக்கத்தில் மலைப்பனி உருகிப் பீஸ் பெருகும்போது அந்த வெள்ளமே ஏரிநீரை வெளியேறவிடாமல் தடுத்துவிடும். சில வேளைகளில் கால்வாய்கள் பின்னோக்கியும் பாயும்.

ஆற்று மட்டத்தைவிடச் சற்று உயரத்தில் உள்ள மேட்டுக் குளங்களுக்கு இதுவும் எட்டாது. அவற்றை நிரப்புவது பனியடைப்பு வெள்ளம்: வசந்தத்தில் உடையும் பனிக்கட்டிகள் ஆற்றை அடைத்துக்கொள்ள, பின்னால் தேங்கும் நீர் கரைபுரளும். அத்தகைய ஒரு வெள்ளத்தில் நிறைந்த குளம் பல ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும்.

அணை எழுந்த பின்

1967இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பீஸ் ஆற்றின் குறுக்கே 183 மீட்டர் உயர பென்னெட் அணை கட்டி முடிக்கப்பட்டது. டெல்டாவோ ஏறத்தாழ 1,200 கி.மீ. கீழே, அடுத்த மாகாணத்தில் இருந்தது. நீர்த்தேக்கம் நிரம்பிய 1968–1971 ஆண்டுகளில் பீஸ் போதிய அளவு பெருகவில்லை. தடுப்பின்றி ஏரிநீர் வடிந்தது. ஆழமற்ற நீர்நிலைகள் வறண்டன; அங்கே வில்லோ புதர்கள் பரவின. மஸ்க்ராட் என்னும் நீர்வாழ் கொறிவிலங்கு அருக, அதைப் பொறிவைத்துப் பிடித்து வாழ்ந்த ஃபோர்ட் சிப்வயான் ஊர்ப் பழங்குடியினரின் பிழைப்பும் நலிந்தது.

நீர்த்தேக்கம் நிரம்பிய பிறகும் பழைய ஒழுங்கு திரும்பவில்லை. மின்தேவை குளிர்காலத்தில் உச்சமடைவதால் கோடை நீர் தேக்கப்பட்டுக் குளிர்காலத்தில் திறக்கப்படுகிறது. மிகுந்த நீரோட்டத்தின் மேல் உறையும் பனிக்கட்டி உயர்ந்த மட்டத்திலேயே அமைகிறது. அதைத் தூக்கி உடைக்க வசந்தத்தில் முன்னைவிடப் பெரிய பெருக்கு வேண்டியிருக்கிறது.

தடுப்பணைகளின் எல்லை

நிலைமையைச் சீர்செய்ய 1971இல் தற்காலிகக் கல்லணை ஒன்று கட்டப்பட்டது. பின்னர் 1975–76இல் ரிவியேர் தே ரோஷே, ரெவியோன் கூப்பே ஆகிய வெளியேற்றக் கால்வாய்களில் கல் தடுப்பணைகள் அமைந்தன. ஏரியின் கோடை நீர்மட்டம் பெருமளவு மீண்டது. ஆனால் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையிலான வீச்சு சுருங்கியது. மேட்டுக் குளங்களுக்குப் பயன் கிட்டவில்லை. அவற்றை நிரப்பும் பெரிய பனியடைப்பு வெள்ளம் 1974க்குப் பின் 1996இல்தான் வந்தது.

காரணம் பற்றிய விவாதம்

குளிர்கால நீர்த்திறப்பே முதற்காரணம் என்கிறது ஆற்றுப்பனியை ஆராய்வோரின் ஒரு தரப்பு. ஏரிப் படிவுகளை ஆராய்ந்த மற்றொரு தரப்போ, வறட்சிக் காலங்கள் அணைக்கு முன்பும் இருந்தன என்று காட்டி, பருவநிலையை முன்னிறுத்துகிறது. இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை என்று கொள்ளத் தேவையில்லை. மலைப்பனி குறையும் காலத்தில் வெள்ளம் இயல்பாகவே அரிதாகிறது. அணையின் இயக்கம் அதற்கு மேலும் ஒரு தடையைச் சேர்க்கிறது.

முடிவுரை

1983 முதல் உலகப் பாரம்பரியத் தலமாக விளங்கும் வுட் பஃபலோ பூங்காவின் சீரழிவு குறித்து மிக்கிசூ கிரீ பழங்குடி மக்கள் 2014இல் யுனெஸ்கோவிடம் முறையிட்டனர். அதன் தொடர்ச்சியாகக் கனடா அரசு 2019இல் செயல்திட்டம் ஒன்றை வெளியிட்டது. கால்வாயில் கல்லை அடுக்கி ஏரியின் மட்டத்தை உயர்த்த முடிந்தது. வசந்த வெள்ளத்தை வரவழைக்க முடியவில்லை. ஆகவே டெல்டாவின் மீட்பைக் கால்வாய்க் கரையில் மட்டும் தேடாமல், மேலே அணையின் மதகைத் திறக்கும் கால அட்டவணையிலும் தேட வேண்டும்.