இலக்கம் ஒத்த துப்பாக்கிகள்

பழந்துப்பாக்கிகளைச் சேகரிப்போர் ஒரு துப்பாக்கியைக் கையில் எடுத்ததும் முதலில் நோக்குவது அதன் அழகையன்று. அதிற் பொறிக்கப்பட்ட இலக்கங்களையே. குழலில் உள்ள இலக்கமும், உடலில் உள்ள இலக்கமும், சிற்றுறுப்புக்களில் உள்ள இலக்கங்களும் தம்முள் ஒத்திருப்பின் அத்துப்பாக்கி 'இலக்கம் ஒத்தது' எனப் போற்றப்படும். ஓர் உறுப்பு வேறாயிருப்பினும் அதன் விலை பெரிதுந் தாழும். இன்னொரு சாரார், ஒரே தொழிற்சாலையிலிருந்து அடுத்தடுத்த தொடரிலக்கங்களுடன் வெளிவந்த இரண்டு துப்பாக்கிகளைத் தேடி ஒன்று சேர்ப்பர். புறத்தே நின்று பார்ப்போர்க்கு இஃது எண்களின்மேற் கொண்ட வீண்மோகமாகத் தோன்றலாம். ஆயினும், அவ்வெண்கள் உருக்கின்மேல் ஏன் ஏறின என்று வினவப் புகின், கைவினை யந்திரத் தொழிலாக மாறிய வரலாற்றின் ஒரு கூறு அங்கே வெளிப்படக் காணலாம்.

18 ஆம் நூற்றாண்டிலே துப்பாக்கி என்பது கம்மியன் ஒருவன் அரத்தால் அராவி அராவிப் பொருத்திய பொருள். அதன் விசைப்பொறியில் உள்ள ஒவ்வோர் உறுப்பும் பக்கத்து உறுப்புக்கென்றே தேய்க்கப்பட்டது. இரண்டு துப்பாக்கிகளைக் கழற்றி உறுப்புக்களைக் கலந்துவிட்டால் அவற்றை மீண்டும் இணைத்தல் எளிதன்று. ஆகவே கம்மியர் ஒரே துப்பாக்கிக்குரிய உறுப்புக்களில் ஒரே குறியை இட்டுவைத்தனர். ஒத்த இலக்கத்தின் மூலம் இதுவே. இன்று நிறைவின் சின்னமாகக் கொண்டாடப்படும் அவ்விலக்கம், உண்மையில் செய்தொழிலின் குறைவை ஈடுசெய்ய எழுந்ததாகும்.

அக்குறைவை நீக்க முயன்றோருள் பிரெஞ்சு நாட்டு ஒனொறே பிளாங் குறிப்பிடத்தக்கவர். 1785 இல் அவர் பல விசைப்பொறிகளைக் கழற்றி, உறுப்புக்களைக் கலந்து குவித்து, எடுத்த உறுப்பு எதனையும் கொண்டு பொறியை மீண்டும் பூட்டலாமெனக் காட்டினார். அப்பொழுது அமெரிக்கத் தூதராகப் பாரிசிலிருந்த தோமஸ் ஜெபர்சன் தம் கையாலேயே சிலவற்றைப் பூட்டிப் பார்த்து, அச்செய்தியைத் தம் நாட்டுக்கு எழுதினார். பின்னர் 1798 இல் ஈலை விற்னி என்பார் அமெரிக்க அரசுக்குப் பதினாயிரம் துப்பாக்கிகளை இரண்டாண்டுகளிற் செய்து தர உடன்பட்டார். 1801 இல் ஜெபர்சன் முதலியோர் முன்னிலையில் தாமும் அவ்வாறே செய்து காட்டினார். நெடுங்காலம் பாடநூல்கள் அவரையே இம்முறையின் தந்தையெனப் புகழ்ந்தன. ஆனால், எஞ்சியுள்ள விற்னியின் துப்பாக்கிகளை 20 ஆம் நூற்றாண்டின் ஆராய்ச்சியாளர் கழற்றிப் பார்த்தபோது உறுப்புக்கள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. அன்றியும், உறுப்புக்களில் தனித்தனி அடையாளங்கள் இடப்பட்டிருந்தன. எவ்வுறுப்பும் எதற்கும் பொருந்துமாயின் அடையாளம் எதற்கு? விற்னி இட்ட குறிகளே விற்னியின் புகழுக்கு எதிர்ச்சான்றாயின. ஒப்பந்தத்தின் கடைசித் துப்பாக்கிகள் 1809 இலேயே கொடுக்கப்பட்டன என்பதும் இங்கே நினைக்கத்தக்கது. இலக்கை உண்மையாக எட்டியவர் ஹார்ப்பர்ஸ் பெரி ஆயுதசாலையில் உழைத்த ஜோன் ஹோல் என்பவரே. அவருடைய றைபிள்களின் உறுப்புக்கள் தம்முள் மாறிப் பொருந்துமென்பதை 1827 இல் ஆய்வுக்குழு ஏற்றது.

யந்திரத் தொழில் வளர்ந்தபின்னும் இலக்கமிடும் வழக்கம் ஒழிந்ததன்று. அதன் உச்சத்தை ஜேர்மனியிற் காணலாம். 1908 இல் அந்நாட்டுத் தரைப்படை ஏற்றுக்கொண்ட பி 08 கைத்துப்பாக்கி, அதனை உருவாக்கிய கியோர்க் லூகரின் பெயரால் உலகெங்கும் அறியப்படுவது. உடலிலும் குழலிலும் முழு இலக்கம். சிற்றுறுப்புக்களில் அதன் கடைசி இரண்டு இலக்கங்கள். தோட்டாக்கூட்டின் அடியிலும் அதே இலக்கம். உதவிக்கென வைத்த இரண்டாவது கூட்டில் இலக்கத்தோடு ஒரு கூட்டற்குறி. சேகரிப்போர் இன்று பெரிதுந் தேடி அலைவது இவ்விரண்டாவது கூட்டையே எனலாம். போர்க்களத்தில் முதலில் தொலைவது அதுவாதலின்.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. ஜேர்மன் தொழிற்சாலைகள் ஆண்டுதோறும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கின. பதினாயிரத்தை எட்டியதும் 'ஏ' என்னும் எழுத்தைச் சேர்த்து மீண்டும் ஒன்றிலிருந்தும், பின்னர் 'பீ' என்னும் எழுத்தோடும் தொடர்ந்தன. ஆகவே ஒரே இலக்கமும் எழுத்தும் தாங்கிய பல துப்பாக்கிகள் இருத்தல் கூடும். தொழிற்சாலை, ஆண்டு, எழுத்து, இலக்கம் ஆகிய நான்கும் கூடியவழியே ஒரு துப்பாக்கி தனித்து அறியப்படும். இதனை உணராது எண்ணை மாத்திரம் பார்த்து இரண்டு துப்பாக்கிகளை 'அடுத்தடுத்தவை' எனக் கொள்வோர் ஏமாறுவர்.

ஒத்த இலக்கம் வெறும் அலங்காரமன்று என்பதற்கு ஆங்கிலேயரின் லீ என்பீல்ட் றைபிள் தக்க சான்று. அதன் உடலிலுள்ள இலக்கமே தோட்டாவைப் பின்னின்று தாங்கும் போல்ற்றின் பிடியிலும் பொறிக்கப்பட்டது. போல்ற்றின் முகத்துக்கும் தோட்டாவின் அடிக்கும் இடையேயுள்ள வெளி மிகுமாயின் தோட்டா பிளந்து, சுடுவோனுக்கே கேடு விளையும். இரண்டாம் உலகப் போரிற் பெருந்தொகையாகச் செய்யப்பட்ட நான்காம் இலக்க றைபிளில், இவ்வெளியைச் சரிசெய்யவென்றே 0 முதல் 3 வரை இலக்கமிட்ட நால்வகைப் போல்ற்றுத் தலைகள் வழங்கப்பட்டன. வேறொரு றைபிளின் போல்ற்றை இட்டவன் அளந்து பாராது சுடல் ஆகாது.

போர் இவ்வொழுங்கைக் குலைத்தது. கைப்பற்றிய ஜேர்மன் மௌசர் றைபிள்களைச் சோவியத்து ஆயுதசாலைகள் 1945 க்குப் பின் மொத்தமாகக் கழற்றித் துப்புரவு செய்து, உறுப்புக்கள் கலந்த நிலையிலே மீண்டும் பூட்டின. பின்பு உடலின் இலக்கத்தைப் போல்ற்று முதலியவற்றில் மின்னூசியால் எழுதியோ புதிதாய் அடித்தோ ஒத்ததாக்கின. இதிற் கரவு ஏதுமில்லை. பண்டசாலைக் கணக்கு ஒழுங்காயிருத்தல் வேண்டுமென்பதே நோக்கம். ஆயின் பிற்காலத்து வணிகருட் சிலர் பழைய இலக்கத்தை அராவி நீக்கிப் புதியதை அடிப்பது வேறு. அது சான்றை அழித்தல். அராவிய இடத்தின் பள்ளமும், எண்ணின் வடிவமும், உருக்கிற்கு ஏற்றிய நீலநிறத்தின் வேறுபாடும் பெரும்பாலும் அவரைக் காட்டிக்கொடுக்கும். விலை இலக்கத்தைப் பற்றி நிற்கும்வரை இத்தொழிலும் நிற்கும். களத்திலே பழுதுற்று, படைக் கம்மியனால் வேற்றுறுப்பு இட்டுச் செப்பனிடப்பட்ட துப்பாக்கியைச் சந்தை தாழ்வாக மதிக்கிறது. பெட்டியை விட்டு வெளிவராத துப்பாக்கியை உயர்வாக மதிக்கிறது. வரலாறு கற்போன் இவ்விரண்டனுள் முன்னதையே நாடுதல் தகும். அதன் ஒவ்வாத இலக்கங்களே அது பட்ட பாட்டைச் சொல்வன.

அமெரிக்கரின் எம் 1 காரண்ட் றைபிள் இவற்றினின்றும் வேறுபட்டது. 1936 இல் ஏற்கப்பட்டு ஏறத்தாழ 54 இலட்சம் செய்யப்பட்ட இதில், தொடரிலக்கம் உடலில் மாத்திரமே உண்டு. உறுப்புக்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாதலின் அவற்றிற்கு இலக்கம் வேண்டப்படவில்லை. சிலவற்றில் உள்ளது வரைபடத்தின் இலக்கமேயாம். படைச் செப்பனிடுசாலைகள் அவற்றைத் தயக்கமின்றிக் கலந்தன. எனவே காரண்டில் 'இலக்கம் ஒத்தது' என்ற பேச்சுக்கே இடமில்லை. விற்னி உறுதியளித்தது அங்கே முழுமை பெற்றது. உறுப்பின் இலக்கமும் அங்கேயே மறைந்தது. எஞ்சிய ஒற்றை இலக்கம் கம்மியனுக்கு உதவுவதன்று, கணக்கனுக்கும் சட்டத்துக்கும் உதவுவது. அமெரிக்காவில் 1968 ஆம் ஆண்டுச் சட்டம் புதிதாய்ச் செய்யும் துப்பாக்கி ஒவ்வொன்றும் தொடரிலக்கம் தாங்கவேண்டுமென விதித்தது. அதற்கு முன் மலிவான வேட்டைத் துப்பாக்கிகள் பல இலக்கமின்றியே விற்கப்பட்டன.

அடுத்தடுத்த இலக்கங்களின் கதை வேறு. அது பெரிதும் இங்கிலாந்துச் செல்வரின் வேட்டை வழக்கத்தோடு பிணைந்தது. ஏவலாளர் புதர்களைக் கலைத்துப் பறவைகளைத் துரத்த, வேட்டைக்காரர் நின்ற இடத்தில் நின்றே சுடுவர். ஒரு துப்பாக்கி சுடப்படும்போது மற்றொன்றிற்குப் பின்னே நிற்பவன் தோட்டா இடுவான். கைமாறும்போது பாரமும் பிடியும் சிறிதும் வேறுபடலாகாது. ஆகவே ஒரே அளவில், ஒரே வேளையில், இணையாகச் செய்வித்தனர். 1814 இல் இலண்டனிலே தொடங்கிய பேர்டி முதலிய நிறுவனங்கள் அவற்றின்மேல் 1, 2 எனப் பொன்னாற் பொறித்து, அடுத்தடுத்த தொடரிலக்கங்களையும் இட்டன. தந்தை இறந்தபின் மைந்தர் இருவர் ஆளுக்கொன்றாகப் பங்கிட, இணை பிரிந்தது. பிரிந்த இரண்டையும் தேடிச் சேர்த்தவனுக்கு, தனித்தனி விலைகளின் கூட்டுத்தொகையினும் மிக்க விலை கிடைக்கும். துணை கிடையாதவிடத்து, அதனைப் போன்ற இன்னொன்றை எடுத்துப் பிடியையும் பாரத்தையும் திருத்திச் சோடியாக்குவதும் உண்டு. அத்தகைய சோடி கையில் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் செய்தவரின் பதிவேட்டிலே, அவை வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு மனிதருக்காகச் செய்யப்பட்ட இரண்டாகவே எழுதப்பட்டிருக்கும்.