மலிவுத் தட்டுகளின் கூட்டணி

பழைய கணிப்பொறிகளிலிருந்து கழற்றிய இரண்டு சிறிய வன்தட்டுகள் உங்களிடம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் கொள்ளளவும் 80 கிகாபைட். இரண்டையும் ஒரே கணிப்பொறியில் பூட்டி, ஒரே தட்டைப்போல் இயங்கச் செய்யலாம். இம்முறைக்கு 'ரெய்டு' என்று பெயர். ஆனால் தொடக்கத்திலேயே நீங்கள் ஒன்றைத் தீர்மானித்தாக வேண்டும்: 160 கிகாபைட் இடம் வேண்டுமா, அல்லது 80 போதுமா? 80 போதும் என்பவர் கையிலிருப்பதில் பாதியை வீணாக்குகிறார் என்றுதான் முதலில் தோன்றும். அது வீணா என்பதை அறிய, இம்முறை பிறந்த கதையைப் பார்ப்போம்.

1956-ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் 'ராமாக்' என்னும் கணிப்பொறியை வெளியிட்டது. அதனுடன் வந்த தட்டு நினைவகமே உலகின் முதல் வன்தட்டு. 24 அங்குல விட்டமுள்ள 50 தகடுகள் அதில் சுழன்றன. சுமார் ஒரு டன் எடையுள்ள அந்தப் பொறியில் 50 லட்சம் எழுத்துகளைச் சேமிக்கலாம். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படத்துக்கே அந்த இடம் போதாமல் போகலாம்!

அதன்பின் வன்தட்டுகள் இரு கிளைகளாக வளர்ந்தன. பெரிய நிறுவனங்களின் கணிப்பொறிகளுக்கு அலமாரி அளவிலான, விலையுயர்ந்த தட்டுகள் ஒருபுறம். 1980-க்குப்பின் மேசைக் கணிப்பொறிகளுக்கென வந்த சிறிய, மலிவான தட்டுகள் மறுபுறம். சிறியவை விளையாட்டுப் பொருள்கள் என்றே பலரும் எண்ணினர்.

1988-இல் அமெரிக்காவின் பெர்க்லி நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் டேவிட் பாட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவரும் இரு கிளைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டனர். ஐ.பி.எம். 3380 என்ற பெரிய தட்டின் கொள்ளளவு 7,500 மெகாபைட். அது 6,600 வாட் மின்சாரம் உண்டது. கானர் நிறுவனத்தின் சிறு தட்டு 100 மெகாபைட்தான். ஆனால் 10 வாட் அதற்குப் போதும். 75 சிறு தட்டுகளைச் சேர்த்தால் பெரியதன் கொள்ளளவு வந்துவிடும். மின்செலவோ ஒன்பதில் ஒரு பங்குதான். பல தட்டுகள் ஒரே நேரத்தில் வேலை செய்வதால் வேகமும் கூடும். பிறகென்ன தயக்கம்?

தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. இருவகைத் தட்டுகளுக்கும் சராசரியாக 30,000 மணி நேரம் பழுதின்றி உழைக்கும் என்றே மதிப்பிட்டிருந்தார்கள். அதாவது மூன்று ஆண்டுகளுக்கும் மேல். ஆனால் 100 சிறு தட்டுகளை ஒன்றாக ஓட்டினால், அவற்றுள் ஏதேனும் ஒன்று 300 மணி நேரத்தில் பழுதாகும் என்று எதிர்பார்க்கலாம். இரண்டு வாரம்கூட இல்லை. பல விளக்குகளைத் தொடராகக் கோத்த சரத்தில் ஒன்று அணைந்தாலும் சரம் முழுவதும் இருண்டுவிடுவதைப் போன்றது இது.

மூவர் சொன்ன தீர்வு, கூடுதல் தட்டுகளில் மீட்புக் குறிப்பை எழுதி வைப்பது. மூன்று தட்டுகளில் ஒரே இடத்தில் 1, 0, 1 என்ற இலக்கங்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒன்றுகளின் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படையாக இருக்குமாறு நான்காம் தட்டில் ஓர் இலக்கம் எழுத வேண்டும். இங்கே அது 0. இரண்டாம் தட்டு கெட்டுப்போனால் மீதியுள்ள 1, 1, 0 ஆகியவற்றைப் பாருங்கள். ஒன்றுகள் ஏற்கெனவே இரட்டைப்படை. எனவே தொலைந்தது 0. எவ்வளவு எளிய தந்திரம்! ஆனால் இது அவர்களுடைய கண்டுபிடிப்பு அன்று. இத்தகைய மீட்பு முறைக்கு ஐ.பி.எம்.-ஐச் சேர்ந்த நார்மன் ஓச்சி 1978-லேயே காப்புரிமை பெற்றிருந்தார். தனித்தனியே கிடந்த வழிகளை ஐந்து நிலைகளாக வகுத்து, செலவையும் ஆயுளையும் கணக்கிட்டுக் காட்டியதே பெர்க்லியினரின் சாதனை. என் கருத்தில் அது சிறிய வேலை அன்று.

இனி உங்கள் இரு தட்டுகளுக்கு வருவோம். தகவல் தட்டு ஒன்றே ஒன்று என்றால் மீட்பு இலக்கம் என்னவாகும்? 1-க்கு 1, 0-க்கு 0. அதாவது அச்சான நகல்! இதுவே கண்ணாடி முறை எனப்படும் முதல் நிலை. உங்களுக்குக் கிடைப்பது 80 கிகாபைட். தகவலைத் துண்டுகளாக்கி இரண்டிலும் மாறிமாறி எழுதும் முறைக்குப் பின்னாளில் பூஜ்ய நிலை என்று பெயரிட்டனர். அதில் 160 கிகாபைட் கிடைக்கும், வேகமும் கிடைக்கும். ஆனால் ஒரு தட்டு போனால் எல்லாம் போயிற்று.

கண்ணாடி முறையின் பலத்தைப் பாருங்கள். ஒரு தட்டின் சராசரி ஆயுள் 30,000 மணி, பழுதானதை மாற்றி நகலெடுக்க 24 மணி என்று கொண்டால், இரண்டும் சேர்ந்து தகவலை இழப்பதற்கான சராசரிக் காலம் 2,000 ஆண்டுகளைத் தாண்டுகிறது. இந்தக் கணக்கை அப்படியே நம்பிவிடாதீர்கள். ஒன்றின் பழுதுக்கும் மற்றதன் பழுதுக்கும் தொடர்பில்லை என்ற அனுமானத்தில் பிறந்த எண் அது. ஒரே நாளில் ஒரே ஆலையில் செய்யப்பட்ட இரு தட்டுகள், ஒரே பெட்டியின் வெப்பத்தில் ஒரே மின்சாரத்தில் ஓடுகின்றன. ஒன்றைக் கெடுக்கும் மின் அதிர்வு மற்றதை மட்டும் விட்டுவிடுமா? எனவே இரண்டையும் வெவ்வேறு தயாரிப்புகளாகத் தேர்ந்தெடுப்பது நல்லது. அளவு சற்று வேறுபட்டால் சிறியதன் அளவே கணக்கில் வரும், அவ்வளவுதான்.

ஒரு தட்டு பழுதாகிப் புதியதைப் பூட்டும்போது, மிஞ்சிய பழைய தட்டு தொடக்கம் முதல் இறுதிவரை படிக்கப்படும். அந்தச் சில மணி நேரம் அதற்குத் துணை கிடையாது. ஒரு கோப்பை நீங்களே தவறுதலாக அழித்தாலோ, கண்ணாடி அதையும் அக்கணமே நகலெடுத்துவிடும். ஆகவே திரும்பப் பெற முடியாத படங்களும் எழுத்துகளும் இருந்தால், மூன்றாவது பிரதி ஒன்றை எடுத்துக் கணிப்பொறியிலிருந்து கழற்றி வேறு வீட்டில் வைத்துவிடுங்கள்.