மூர்: ஒரு பெயர் வந்த வழி

ஆங்கிலத்தில் 'மூர்' என்ற ஒலிக்கு மூன்று பொருள் உண்டு. ஒன்று, புதரும் சேறும் மண்டிய மேட்டுவெளி. மற்றது, கப்பலைக் கயிறு போட்டுக் கட்டி நிறுத்துவது. மூன்றாவதுதான் எங்கட பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் ஏறியிருக்கிற 'மூர்'. மூன்றுக்கும் ஒலி ஒன்று, வேர் வேறு. சிங்களத்தில் எம்மை 'மரக்கல' என்பதால் கப்பல் கட்டுகிற 'மூர்'தான் எமக்கும் பெயராகியதோ என்று நினைக்கத் தோன்றும். அது வெறும் ஒலி ஒற்றுமை.

எங்கட பெயரின் கதை வட ஆபிரிக்காவில் தொடங்குகிறது. இன்றைய மொரோக்கோவையும் அல்ஜீரியாவின் மேற்குப் பகுதியையும் ரோமர் 'மௌரேத்தானியா' என்றனர். அங்கு வாழ்ந்தோர் 'மௌரி'. இது இஸ்லாம் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முந்திய பெயர். அதாவது, இந்தச் சொல்லுக்கு ஆதியில் மார்க்கத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லை.

711இல் தாரிக் இப்னு ஸியாத் பெரும்பாலும் பெர்பர்களைக் கொண்ட படையோடு ஸ்பெயினில் இறங்கினார். மௌரிகளின் மண்ணிலிருந்து வந்தவர்கள் என்பதால் அந்நாட்டார் அவர்களை 'மோரோ' என்றனர். போர்த்துக்கேயர் வாயில் அது 'மோரு' ஆனது. 1492இல் கிரனடா வீழ்வதற்கிடையில் ஊரைக் குறித்த சொல் மார்க்கத்தைக் குறிக்கும் சொல்லாக மாறிவிட்டது. முஸ்லிம் என்றால் மூர், அவ்வளவுதான்.

இந்தப் பழக்கத்தோடுதான் போர்த்துக்கேயர் 1498இல் கள்ளிக்கோட்டைக்கும், அதன் பின் சில ஆண்டுகளில் எங்கட கரைக்கும் வந்தார்கள். மாப்பிள்ளைமாரும் மூர், குஜராத்தியரும் மூர், மலாக்காக்காரரும் மூர். உள்ளூராரை 'மண்ணின் மூர்' என்றும் அரபு வணிகரை 'மக்கத்து மூர்' என்றும் பிரித்துச் சொன்னதும் உண்டு. ஸ்பானியர் பிலிப்பைன்சின் தென்தீவு முஸ்லிம்களுக்கும் 'மோரோ' என்றே பெயரிட்டனர். பகைவன் வைத்த அந்தப் பெயரை அம்மக்கள் தமதாக்கிக் கொண்டார்கள். 2019இல் அமைந்த அவர்களது சுயாட்சிப் பிரதேசம் 'பங்சமோரோ' எனப்படுகிறது. 18ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த ஆங்கிலேயர் இந்துஸ்தானி மொழியையே 'மூர்ஸ்' என்றனர்.

ஆகவே, 'மூர் என்றதால நாங்க மொரோக்கோவில இருந்து வந்த ஆக்கள்' என்று நம்மவர் சிலர் சொல்வதை இந்தச் சொல் தாங்காது. மெய்யாகவே மொரோக்கோவிலிருந்து இங்கு வந்த ஒருவர் உண்டு: 1344இல் பாவா ஆதம் மலை ஏறிய இப்னு பதூதா, தஞ்சியரில் பிறந்தவர். அவர் வந்து போய் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் கழிந்த பிறகே 'மோரு' என்ற பெயர் இங்கு கப்பலேறி வந்தது.

பெயர் வெறும் பெயராகவும் இருக்கவில்லை. 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து 'மூர்'களை வெளியேற்றினார்கள். கண்டி மன்னன் செனரத் அவர்களில் பலரைக் கிழக்கிலங்கையில் குடியேற்றினான். யார் மூர் என்று தீர்மானிப்பவனே யார் போக வேண்டும் என்பதையும் தீர்மானித்தான்.

தமிழில் எமக்கிருக்கும் பெயர் சோனகர். அதுவும் தூரத்திலிருந்து வந்ததுதான். கிரேக்கரின் அயோனியா, வடமொழியில் 'யவன', பாளியில் 'யோன'. முதலில் கிரேக்கரைக் குறித்து, பின்னர் மேற்கிலிருந்து வந்த அரபிகளைக் குறித்தது. யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவும் கொழும்புப் பழைய சோனகத் தெருவும் அந்தப் பெயரை இன்றும் சுமக்கின்றன.

1888இல் பொன்னம்பலம் இராமநாதன், மூர்கள் இனத்தால் தமிழரே என்று றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் கட்டுரை படித்தார். சட்டசபையில் முஸ்லிம்களுக்குத் தனி ஆசனம் பேசப்பட்ட காலம் அது. மறு ஆண்டே எம்.சி. அப்துல் ரஹ்மான் நியமனமானார். இராமநாதனுக்கு ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் எழுதிய மறுப்பு 1907இல் நூலாக வந்தது. அவர் அரபு வம்சாவளியை நிலைநாட்ட முனைந்தார். சண்டை வேருக்காகத் தெரிந்தாலும், உள்ளே கிடந்தது பிரதிநிதித்துவம்.

எமக்குள்ளும் இழுபறி இருந்தது. சித்திலெப்பை 1882இல் தொடங்கிய பத்திரிகைக்கு வைத்த பெயர் 'முஸ்லிம் நேசன்'. பின்னாளில் ராஸிக் பரீத் 'சோனகர்' என்ற பெயரில் நின்றார். முஸ்லிம் லீக்கின் ரி.பி. ஜாயா 'முஸ்லிம்' என்ற பெயரில் நின்றார். ஜாயா மலாய்க்காரர். மூர் என்ற வேலிக்குள் அவருக்கு இடமேது?

2012 குடிசன மதிப்பீட்டில் இலங்கைச் சோனகர் 9.3 வீதம், இஸ்லாமியர் 9.7 வீதம். இந்தச் சிறு வித்தியாசத்துக்குள்தான் மலாயரும் மேமன்களும் வேறு சிலரும் நிற்கிறார்கள்.

'மூர்' என்ற பெயர் எங்கட பூர்வீகத்துக்குச் சாட்சியல்ல. மற்றவர்கள் எம்மை எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கே சாட்சி. பூர்வீகத்தைத் தேட வேண்டிய இடங்கள் வேறு: மீஸான் கற்கள், பழைய காணி உறுதிகள், வீட்டுப் பரணில் செல்லரிக்கும் அரபுத்தமிழ்க் கிதாபுகள். பெயரைப் பற்றி நாம் தர்க்கித்துக் கொண்டிருக்கும் வேளையில் அவைதான் அழிந்து கொண்டிருக்கின்றன.